அத்தியாயம் பதினொன்று: வெள்ளைக் கோட்டுக்கு ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்துநாயகம் தன் வெள்ளைக் கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, ஸ்டம்புகளுக்கு மேலே வைத்துவிட்டு மோர்டன் மைதானத்தை விட்டு நடந்துபோனதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். யோகராஜாவும் மறக்கவில்லை. அந்தக் கோட்டினால் அவருக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

இந்த வாரம்தான் வாசிக்கத் தொடங்குகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர்கள் லண்டனில் பத்து அணிகளாகக் கூடி, கோடையில் ஞாயிறுதோறும் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். விளையாட இருநூறு பேர் இருக்கிறார்கள். விமர்சிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நடுவராக நிற்க மட்டும் ஏழே ஏழு பேர். அந்த ஏழு பேரையும் கட்டி மேய்க்கிற வேலை, நடுவர் செயலாளர் என்ற பட்டத்தோடு, நமது யோகராஜாவின் தலையில் விழுந்திருக்கிறது. ஆறு நாள் தபால் பிரிக்கும் நிலையத்தில் நின்று கால் கடுக்க உழைக்கிற மனிதருக்கு ஏழாம் நாள் இந்தத் தண்டனை.

ஏழு பேரில் ஒருவருக்கு நாரிப்பிடிப்பு, குனிந்தால் இடுப்பு நிமிராது. இன்னொருவருக்குக் காரில்லை, ஏற்றிப்போய் இறக்கவேண்டும். மற்றவருக்கு மதியம் ஆட்டிறைச்சிப் பார்சல் இல்லாவிட்டால் கண் தெரியாது. ஏழு கோட்டையும் வாராவாரம் தோய்த்து மினுக்கி அடுக்குகிறவர் அவருடைய மனைவி சிவனேஸ்வரி. கடிதங்களைத் தட்டச்சு செய்கிறவள் மகள் சுகந்தினி. அவள் ஸ்ட்ரெதமில் ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை செய்கிறாள்.

இதைவிடப் பெரிய தொல்லை சொந்தம். பத்து அணிகளிலும் யார் யாருக்கு மைத்துனர், யார் யாருடைய சகலன் என்று பார்த்தால் தலை சுற்றும். ஒருவர் விரலை உயர்த்தினால், "அவர் பெண் எடுத்த இடம் அதுதானே" என்று எல்லைக்கோட்டில் கதை தொடங்கிவிடும். அதனால் யோகராஜா ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு பக்கம். எந்த அணியில் யார் அவருக்கு என்ன முறை என்று அதில் எழுதியிருக்கும். கமிட்டிக் கூட்டத்தில் அது மேசைக்கு மேசை போகும். கல்யாணம் ஒன்று நடந்தால் அடுத்த கூட்டத்திலேயே அதில் புது வரி ஏறிவிடும். தனக்கு உறவானவர் சம்பந்தப்பட்ட விடயத்தில் எந்த நடுவரும், எந்த அதிகாரியும் ஒதுங்கி நிற்கவேண்டும் என்று பதினான்காம் விதியை எழுதியவரும் அவரே.

அந்தக் கொப்பியில் கிறிஸ்துநாயகத்தின் பக்கம் மட்டும் வெறுமையாக இருந்தது. மன்னார்க்காரர், கத்தோலிக்கர், பத்து அணியிலும் ஒரு குஞ்சு குருமன்கூட அவருக்குச் சொந்தமில்லை. அவரைப்போல விதி தெரிந்தவரும் இல்லை.

அப்படிப்பட்டவரிடம்தான் போன வாரம் ஓர் அணியின் கப்டன் சிவானந்தன், எல்.பி.டபிள்யூ கொடுத்துத் தன்னை ஆட்டமிழக்கச் செய்ததற்காக, கிரிக்கெட் பட்டை ஊன்றிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கக் கேட்டான்.

"மன்னாரில பட்டெண்டு ஒண்டைக் கண்ணால கண்டிருக்கிறியளோ?"

சிரித்தவர்களும் இருந்தார்கள். கோட்டு ஸ்டம்பில் ஏறியது அதற்குப் பிறகுதான்.

புதன்கிழமை கமிட்டி கூடி, சிவானந்தனுக்கு ஓர் ஆட்டம் தடை என்று தீர்மானித்தது. கடிதத்தை, நாணயம் சுண்டி டொஸ் போடுவதற்கு முன், அவன் கையில் கொடுக்கவேண்டும். டொஸ் போட்டுவிட்டால் அவன் விளையாடலாம், தடையும் செத்துப்போகும். மற்ற ஆறு நடுவர்களும் யோகராஜாவுக்குத் தொலைபேசியில் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். கிறிஸ்து அண்ணை நின்றால் நிற்போம், அவர் போனால் நாங்களும் போவோம்.

யோகராஜா அன்று மாலையே கிறிஸ்துநாயகத்தின் வீட்டுக் குசினியில் போய் உட்கார்ந்து சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். "கடிதத்தை நானே என்ர கையால குடுப்பன் அண்ணை. அதுக்குப் பிறகுதான் டொஸ்."

கிறிஸ்துநாயகம் "உம்மட சொல்லுக்காக வாறன் தம்பி" என்றார்.

இன்று அந்த ஞாயிற்றுக்கிழமை. சிவானந்தனின் அணிக்கு அரையிறுதி ஆட்டம்.

*

காலை ஏழு மணிக்கே தொலைபேசி அடித்தது. யோகராஜா பல்லுத் தீட்டிய வாயோடு ஓடிவந்து எடுத்தார்.

"யோகண்ணை, ஆனந்தராஜா கதைக்கிறன். இண்டைக்கு அம்பயரா நிக்க எனக்கு ஏலாது."

"என்ன, நாரியோ?"

"நாரி இல்லை. மனிசியின்ர தங்கச்சிக்கு கலியாணம் பேசி முடிஞ்சுது. பெடியன்ர தமையன் இண்டைக்கு மற்றப் பக்கத்துக்கு விளையாடுறான். கொப்பியில ஏறினால் பிறகு கதை வரும்."

"அது எப்ப முடிஞ்சது?"

"நேற்றுப் பின்னேரம்."

யோகராஜா வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டார். ஞாயிறு ஆட்டத்துக்குச் சனிக்கிழமை பின்னேரம் சம்பந்தம் முடிக்கிற சனத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னதான் செய்வது? நாலு பேருக்கு அடித்துப் பார்த்தார். ஒருவர் பேர்மிங்ஹாமில். ஒருவருக்கு ஷிப்ட். ஒரு வீட்டில் யாரும் எடுக்கவில்லை. கடைசியில் செபமாலைமுத்து கிடைத்தார். ஆட்டிறைச்சிப் பார்சல் என்றால் வருவாராம். கிறிஸ்துநாயகம் போகிற அதே மாதா கோயிலுக்குத்தான் அவரும் போகிறார் என்பதால் ஒரே இடத்தில் இருவரையும் ஏற்றலாம். அந்த மட்டில் கடவுள் இருக்கிறார்.

"இஞ்சரும், ஆட்டிறைச்சி ரெண்டு பார்சல் கட்டும்," என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தார்.

பதில் வரவில்லை. சிவனேஸ்வரி குசினியில் இல்லை. மேல்மாடி அறையில் மகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"தேத்தண்ணி ஊத்தப் போறதுக்கு ஏனம்மா பட்டுச்சேலை?" என்றாள் சுகந்தினி.

"அரையிறுதியெல்லே. நாலு சனம் வரும்."

"போன வருசமும் அரையிறுதி நடந்தது. நான் ஜீன்ஸோடதான் நிண்டன்."

"அதுதான் சொல்லுறன். கண்ணாடியையும் கழட்டு."

"கழட்டினால் கப்புக்கும் சோசருக்கும் வித்தியாசம் தெரியாது."

பட்டுச்சேலை வென்றது. கண்ணாடி மட்டும் சுகந்தினியின் மூக்கிலேயே இருந்துகொண்டது. சிவனேஸ்வரி இன்று காலை இதற்கு மேல் சண்டை பிடிக்க விரும்பவில்லை. அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டில் வேறு யாருக்கும் அது தெரியாது.

சுகந்தினிக்கு எட்டில் செவ்வாய். வயது இருபத்தெட்டு. ஐந்து வருடமாகச் சிவனேஸ்வரி லண்டனில் கேட்காத இடமில்லை. மாப்பிள்ளை நல்லவனாக இருப்பான், செவ்வாய் இருக்காது. செவ்வாய் இருக்கும், மாப்பிள்ளை அறுபது வீடு பார்த்து இன்னும் பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு தரம் பெண் பார்க்க வந்தபோது சுகந்தினி முகத்தை நீட்டிக்கொண்டு இருந்ததில் இரண்டும் கைவிட்டுப்போயின. கடைசியில் அப்டன் பார்க்கில் சேலைக்கடை வைத்திருக்கிற அக்கா செல்வமலர் ஓர் இடம் கொண்டுவந்தாள். பத்துக்கு எட்டுப் பொருத்தம், செவ்வாய்க்குச் செவ்வாய். சாதகமும் போட்டோவும் போய் இரண்டு கிழமை. மாப்பிள்ளையின் தாய் பாலாம்பிகை, முன்பு கணித ஆசிரியை, பெண்ணை முதலில் தற்செயலாகப் பார்க்கிற மாதிரிப் பார்க்க விரும்பினார். பெண்ணுக்குத் தெரியக்கூடாது. வழக்கமாக அதற்குக் கோயில்தான். ஆனால் மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்கு வருகிறவன் இல்லை. அதனால் இடம் மைதானம் என்று ஆகியது.

மாப்பிள்ளை யார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். யோகராஜாவுக்கு மட்டும் ஊகிக்கக்கூட வழியில்லை.

*

ஒன்பது மணிப் பூசை பத்துக்கு முடிந்தது. அதற்குப் பிறகு அறிவித்தல்கள். அதற்குப் பிறகு வாசலில் பாதிரியாரோடு கைகுலுக்கல். கோயிலுக்கு வெளியே காரில், மடியில் இரண்டு வெள்ளைக் கோட்டுகளோடு யோகராஜா மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். டொஸ் பதினொரு மணிக்கு.

பத்து இருபதுக்குக் கிறிஸ்துநாயகம் வந்து முன் இருக்கையில் ஏறினார். செபமாலைமுத்து பின்னால் ஏறி, முதல் வேலையாகப் பார்சலை மணந்து பார்த்தார்.

"கடிதம் கொண்டுவந்தனீரோ?" என்றார் கிறிஸ்துநாயகம்.

யோகராஜா சேர்ட் பையைத் தட்டிக் காட்டினார். "சுகந்தினி நாலு தரம் டைப் அடிச்சவள். ஒரு பிழை இல்லை."

"தம்பி, எனக்கு அந்தப் பெடியன் தண்டனை அனுபவிக்கவேணும் எண்டு ஆசை இல்லை. நான் முப்பது வருசம் அம்பயரா நிண்டனான். ஏச்சு எவ்வளவோ கேட்டாச்சு. அண்டைக்கு அவன் சொன்னதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில நிண்ட கமிட்டிக்காரர் ரெண்டு பேர் சிரிச்சவை. அதுதான் எனக்குச் சுட்டது."

"இண்டைக்கு ஒருத்தரும் சிரிக்கமாட்டினம் அண்ணை."

அவர் அதை மனமாரத்தான் சொன்னார்.

*

மைதானத்தில் வெயில் நன்றாக எறித்தது. பவிலியன் பக்கத்தில் மேசை போட்டு, சிவனேஸ்வரி தேநீர்க் கலனையும் பற்றீஸ் பலகாரத் தட்டையும் வைத்திருந்தாள். சுகந்தினி பட்டுச்சேலையோடு கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி மடக்குக் கதிரையில் பாலாம்பிகை இருந்தார். அவர் ஆட்டத்தைப் பார்க்க வந்தவர் மாதிரி மைதானத்துக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு, கண்ணை மட்டும் மேசைப் பக்கம் வைத்திருந்தார்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம். யோகராஜா சேர்ட் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, சேர்ட்டை நீவிக்கொண்டு, மைதானத்தின் நடுவே நின்ற சிவானந்தனை நோக்கிப் புறப்பட்டார்.

"இஞ்சருங்கோ, ஒருக்கால் பின்னால வாங்கோ," என்று மேசையடியிலிருந்து சிவனேஸ்வரி கூப்பிட்டாள்.

"வந்து கதைக்கிறன். இதைக் குடுத்திட்டு வாறன்."

"அதைக் குடுக்கவேண்டாம் எண்டுதான் கூப்பிடுறன்."

பவிலியனுக்குப் பின்னால் குப்பை வாளிகளுக்கு நடுவே வைத்துச் சிவனேஸ்வரி எல்லாவற்றையும் சொன்னாள். அப்டன் பார்க் அக்கா, எட்டுப் பொருத்தம், செவ்வாய், கதிரையில் இருக்கிற தாய், கப்டன் பெடியன். ஒன்றரை நிமிடத்தில் சொல்லி முடித்தாள். யோகராஜாவுக்கு அதைக் கேட்டு முடிக்க அதைவிட நேரம் எடுத்தது.

"ரெண்டு கிழமையா சாதகம் அவையிட்ட இருக்கு. எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் கொப்பியில எழுதிப்போடுவியள்."

யோகராஜா எழுதியிருப்பார்தான்.

"பேசி முடியாத கலியாணத்தைக் கமிட்டிக்காரர் மேசையில வைச்சு வாசிக்கிறதோ? ஒரு கண்ணூறு போதுமப்பா. ஐஞ்சு வருசத்துக்குப் பிறகு ஒண்டு பொருந்தியிருக்கு. தாய்க்காரி பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் போய் அவளின்ர மகனை மைதானத்தால கலைக்கப்போறியளோ?"

"போன கிழமை அவன் என்ன சொன்னவன் எண்டு தெரியுமெல்லே?"

"தெரியும். வாய்த்துடுக்கு. கலியாணம் கட்டினால் அடங்கிப்போகும்."

"நான் அண்ணைக்கு வாக்குக் குடுத்தனான்."

"மகளுக்கு ஒண்டும் குடுக்கேல்லையோ?"

யோகராஜாவுக்குக் கோபம் வந்தது. மனைவி மீது, அப்டன் பார்க் அக்கா மீது, செவ்வாய்க் கிரகம் மீது, பதினான்காம் விதியை எழுதிய தன் கை மீது. கோபம் எல்லாப் பக்கமும் போய்விட்டுத் திரும்பி வந்தபோது அவர் அந்த விதியையே பிடித்துக்கொண்டார். மூழ்குகிறவனுக்கு எது கிடைக்கிறதோ அது.

கடிதத்தைத் திரும்பச் சேர்ட் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் நேரே கிறிஸ்துநாயகத்திடம் போனார். கிறிஸ்துநாயகம் கோட்டைப் போட்டு, பந்தை எண்ணுவதற்கு ஆறு சிறு கற்களைப் பையில் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

"அண்ணை, ஒரு சிக்கல். இந்தப் பெடியன்ர வீட்டாரோட எங்களுக்கு ரெண்டு கிழமையா ஒரு கலியாணப் பேச்சுக்கால் நடக்குதாம். எனக்கும் இப்பதான் தெரியும். பதினாலாம் விதிப்படி நான் இதில ஒதுங்கி நிக்கவேணும். என்ர கையால கடிதத்தைக் குடுக்க ஏலாது."

"அப்ப ஆர் குடுக்கிறது?"

"தலைவர் குடுக்கலாம்."

"தலைவர் ரொறொன்ரோவில கலியாண வீட்டில நிக்கிறார்."

"லீக்கின்ர செயலாளர் குடுக்கலாம்."

"செயலாளர் உந்தப் பெடியன்ர அணிக்குத்தான் விக்கெற் கீப்பர்."

மைதானத்தின் நடுவில் மற்ற அணியின் கப்டனும் டொஸ்ஸுக்கு வந்து நிற்பது தெரிந்தது.

"தம்பி யோகராஜா," என்றார் கிறிஸ்துநாயகம் மெதுவாக. "எனக்கு இஞ்ச ஒரு சொந்தமும் இல்லை எண்டுதானே நீர் என்னைப் பிடிச்சனீர். சொந்தம் இல்லாதவனுக்காகக் கடிதம் குடுக்கிறதுக்கும் ஆள் இல்லைப்போல."

அவர் கோட்டின் முதல் பொத்தானைக் கழற்றினார். யோகராஜாவுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது போல இருந்தது. ஆனாலும் கடிதம் பையிலேயே இருந்தது.

"அந்தக் கோட்டைக் கழட்டவேண்டாம், அங்கிள்."

பின்னால் சுகந்தினி நின்றாள். கையில் இரண்டு கப் தேநீர். நடுவர்களுக்கு டொஸ்ஸுக்கு முன் தேநீர் கொண்டுவந்து கொடுப்பது அவளுடைய வழக்கமான வேலை. அவள் முழுவதையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"சுகந்தினி, இது உனக்கு..." என்று யோகராஜா தொடங்கினார்.

"எனக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, அப்பா. என்னட்டை ஒருத்தரும் கேட்கவும் இல்லை. சொல்லாத வரைக்கும் அந்த ஆள் எனக்கு ஆரோ ஒரு கப்டன். ஒரு முறையும் இல்லை." அவள் கப்புகளை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளங்கையை நீட்டினாள். "கடிதத்தைத் தாங்கோ."

"நீ கமிட்டியில இல்லையே."

"'நடுவர் செயலாளர், அல்லது அவர் சார்பில் ஒருவர்' எண்டு விதியில இருக்கு. நான்தான் டைப் அடிச்சனான். நீங்கள் வாசிச்சுப் பார்க்காமல் கையெழுத்து வைச்சனீங்கள்."

யோகராஜாவின் இரண்டு கையிலும் தேநீர். சுகந்தினியே அவர் சேர்ட் பையில் கையை விட்டுக் கடிதத்தை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. இரண்டு கையும் சும்மா இருந்திருந்தாலும் தடுத்திருக்கமாட்டார் என்று நான் நினைக்கிறேன். தன்னால் முடியாததை மகள் செய்யப்போகிறாள் என்பதில் அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது.

கிறிஸ்துநாயகம் கழற்றிய பொத்தானை விரலால் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார்.

*

பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் மைதானத்தின் நடுவே நடந்து போனதை அந்த லீக் அதற்கு முன் கண்டதில்லை. எல்லைக்கோட்டில் கதை நின்றது. மடக்குக் கதிரையில் பாலாம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தார். மேசைக்குப் பின்னால் சிவனேஸ்வரி பற்றீஸ் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சிவானந்தன் நாணயத்தைச் சுண்டப்போன பெருவிரலோடு நின்றான்.

"சிவானந்தன் நீங்கள்தானே?" என்றாள் சுகந்தினி.

"ஓம்."

"இது லீக்கின்ர கடிதம். உங்களுக்கு இண்டைக்கு விளையாடத் தடை. டொஸ்ஸை உங்கட உதவிக் கப்டன் போடலாம்."

அவன் வாங்கி வாசித்தான். முகம் கறுத்தது. இரண்டாம் தரமும் வாசித்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். பார்த்த பார்வை கடிதத்தைப் பற்றியதாக இருக்கவில்லை.

"போட்டோவில உங்களுக்குக் கண்ணாடி இல்லை," என்றான்.

சுகந்தினிக்குக் காதுவரை சூடேறியது. போட்டோவும் போயிருக்கிறது. தன்னுடைய போட்டோ, தனக்குத் தெரியாமல், இந்த வாய்த்துடுக்கு மனிதனுடைய வீட்டு மேசையில் இரண்டு கிழமையாக. பட்டுச்சேலையின் காரணம் இப்போது முழுதாக விளங்கியது. அழுகை வந்தது. மைதானத்தின் நடுவில் அழுவதற்கு அவள் தயாராக இல்லை.

"எனக்கு ஒரு போட்டோவும் தெரியாது," என்றாள். "அப்பீல் பண்ணுறதெண்டால் மூண்டு நாளைக்குள்ள எழுத்தில தரவேணும். பதிலும் மூண்டு நாளைக்குள்ள வரும்."

"ஆரிட்டக் குடுக்கிறது?"

"அப்பா இதில ஒதுங்கியிட்டார். என்னட்டைத் தாங்கோ."

அவள் திரும்பி நடந்தாள். சிவானந்தன் நாணயத்தைத் தன் உதவிக் கப்டனின் கையில் வைத்துவிட்டு, கிறிஸ்துநாயகத்தைக் கடந்து வெளியே போனான். கடக்கும்போது ஒரு கணம் நின்றான். வாய் திறக்க வந்தது போல இருந்தது. கிறிஸ்துநாயகம், "முதல்ல ஆட்டம் தொடங்கட்டும் தம்பி," என்று சொல்லிவிட்டுக் கழற்றிய பொத்தானைப் போட்டுக்கொண்டு நடுவே போனார். செபமாலைமுத்து பின்னால் போனார். அன்று எல்லைக்கோட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

போட்டோவில் கண்ணாடி இல்லாததால் பெண் இவள்தானா என்று இன்னும் நிச்சயமாகாத பாலாம்பிகை மேசையடிக்கு எழுந்து வந்தார்.

"கடிதம் குடுத்த பிள்ளை ஆர்?"

சிவனேஸ்வரிக்கு அந்த நேரத்தில் எத்தனையோ பொய் நாவில் வந்து நின்றன. கமிட்டிப் பிள்ளை, யாரோ தெரியாது, பவிலியனில் வேலை செய்கிற பெட்டை. தூரத்தில் மகள் சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வருவது தெரிந்தது. துடைப்பது கண்ணாடியை மட்டுமல்ல என்று தாய்க்கு விளங்கியது.

"என்ர மகள்," என்றாள். "அவதான் சுகந்தினி."

பாலாம்பிகை கையிலிருந்த கப்பை மேசையில் வைத்தார். பாதித் தேநீர் அப்படியே இருந்தது.

"சாதகத்தை நாளைக்குச் செல்வமலரிட்டத் திருப்பிக் குடுத்துவிடுறன்," என்று சொல்லிவிட்டு, மகனின் கார்ச் சாவியை வாங்கிக்கொண்டு, தானே ஓட்டிப் போய்விட்டார்.

*

ஆட்டம் ஆறரைக்கு முடிந்தது. கப்டன் இல்லாமலே சிவானந்தனின் அணி ஒன்பது ஓட்டத்தால் வென்று இறுதி ஆட்டத்துக்குப் போனது. கிறிஸ்துநாயகம் அன்று நாலு எல்.பி.டபிள்யூ கொடுத்தார். நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள். கோட்டைக் கழற்றி யோகராஜாவிடம் கொடுக்கும்போது, "பைனலுக்கும் வாறன். உம்மட மகளிட்டச் சொல்லும்," என்றார். 'உம்மட சொல்லுக்காக' என்று இந்தமுறை சொல்லவில்லை என்பதை யோகராஜா கவனித்தார். அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

சிவானந்தன் வீட்டுக்குப் போகவில்லை. தாய் காரைக் கொண்டு போய்விட்டதால் போக முடியவில்லையோ, போக மனமில்லையோ, நாள் முழுவதும் ஸ்கோர் எழுதுகிறவர்களுக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்திருந்தான். தேநீர் இடைவேளையில் மேசைப் பக்கம் வரவில்லை. கடைசி ஓவர்களில் ஸ்கோர்க் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கேட்டு வாங்கி எதையோ எழுதினான். அடித்தான், திரும்ப எழுதினான்.

சுகந்தினி கலனைக் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து அந்தத் தாளை நீட்டினான்.

"அப்பீல்," என்றான். பஸ் தரிப்பிடம் பக்கம் நடந்துவிட்டான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்று வாசித்தாள். மூன்று வரி இருக்கும், கூடினால் நாலு. தடையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, அவளிடம் ஒரு கேள்விதான் இருந்தது. வாசித்துவிட்டு மறுபடி வாசித்தாள். பிறகு மடித்துக் கைப்பையில் போட்டு ஸிப்பை இழுத்து மூடினாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் காரில் சிவனேஸ்வரி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஐந்து வருடம், ஐந்து வருடம் என்று அவள் மனம் அடித்துக்கொண்டிருந்தது. சத்தம் போட்டு ஏசியிருந்தால்கூட யோகராஜாவுக்குத் தாங்கியிருக்கும். சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

"பெடியன் அப்பீல் தந்தவனாமே?"

"ஓம்," என்றாள் சுகந்தினி பின் இருக்கையிலிருந்து.

"என்ன எழுதியிருக்கிறான்? தடையைக் குறைக்கச் சொல்லியோ?"

"உங்களுக்குச் சொல்ல ஏலாது, அப்பா. நீங்கள் ஒதுங்கி நிக்கிற ஆள்."

விளக்குப் பச்சையானது. பின்னால் வந்த கார் ஹோர்ன் அடித்தது. யோகராஜா கியரை மாற்றினார். அப்போதுதான் சிவனேஸ்வரி அன்று பகல் முழுவதிலும் முதல் தடவையாக மகள் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"எனக்கும் சொல்ல ஏலாதோ, பிள்ளை?"

சுகந்தினி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கள் ரெண்டு கிழமையா எனக்குச் சொல்லேல்லை, அம்மா," என்றாள். "பதில் எழுத எனக்கு மூண்டு நாள் இருக்கு."